ஊஞ்சல்மேல் பாங்க்ரியாஸ்

ஆடி 11, ஞாயிறு

காற்று. காலையில் போட்ட கோலம் காபி குடித்து முடிப்பதற்குள் பாதி காணோம். மாடியில் உலர்த்திய அவருடைய வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில்.

கயல் தொட்டியத்திலிருந்து திரும்பிவிட்டாள். பூவன் ஒரு சீப்பு, என் மகள் கொடுத்தனுப்பிய நெய், அழுக்குத் துணி ஒரு மூட்டை. ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் மாசியிலிருந்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டோடுதான் இருக்கிறாள். மகள் வயிற்றுப் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று எழுதும்போதே பேனா கொஞ்சம் அழுத்தமாக விழுகிறது. விழட்டும். எழுதுவது அஞ்சாம் வகுப்புப் படித்த கை.

முகம் சரியில்லை. மத்தியானம் சாப்பிட்டபின் தானே சொன்னாள். போன தடவை மைக்ராஸ்கோப் பரீட்சையில் ஃபெயில்.

"கழுத்துல இருக்கிற தைராய்டையும் பால் குடுக்கிற மார்பையும் மாத்தி எழுதிட்டேன் அம்மாயி."

அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"நாலு பிள்ளைக்குப் பால் குடுத்திருக்கேன். தினம் தைராய்டு மாத்திரையும் முழுங்கறேன். எனக்கு ரெண்டும் குழம்பினதே இல்லையேடி" என்றேன்.

"மைக்ராஸ்கோப்புல பாத்தா உங்களுக்கும் குழம்பும்."

சிரித்தோம். பிறகுதான் விஷயம் சொன்னாள். அடுத்த செவ்வாய் எல்லாருக்கும் மறுபடி ஒரு பரீட்சை. அதிலும் போனால் பெரிய பரீட்சைக்கே உட்கார விட மாட்டார்களாம். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் இரண்டாம் வருஷம் போய்விடுவார்கள், இவள் மட்டும் அடுத்த செட்டோடு. "நஸ்ரினெல்லாம் மேல போயிடுவா, நான் கீழயே உக்காந்திருப்பேன்." நஸ்ரின் இவளுடைய சிநேகிதி, டவுனில் பெரிய கடை வீதிப் பக்கம் வீடு.

அம்மாவிடம் சொல்லாதீங்க என்றாள். சரி என்றேன். சமயபுரத்தாளிடம் மட்டும் சொன்னேன். மாவிளக்கு.

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். தே. எண்ணெய், உளுந்து, தீப்பெட்டி.

ஆடி 12, திங்கள்

மாத்திரை வாங்கியாயிற்று. தீப்பெட்டி மறந்தது.

பரீட்சை எப்படி நடக்கும் என்று கயல் காட்டினாள். வரிசையாக மைக்ராஸ்கோப். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சுரப்பியின் மெல்லிய துண்டு. குனிந்து பார்க்க வேண்டும், கை வைக்கக் கூடாது. பெயர் எழுத வேண்டும், ஏன் என்று இரண்டு காரணம் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். திரும்பிப் போக முடியாது.

"இவ்வளவுதானா. நம்ம வீட்லயே வெச்சுடலாம்" என்றேன்.

காலேஜ் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் புத்தகத்துப் படங்களைக் கலரில் எடுத்து வந்தாள். எல்லாம் ரோஸும் கத்தரிப்பூ நிறமும். பீரோ மேல் கல்யாணப் பத்திரிகைகள் கட்டாகக் கிடக்கின்றன, நல்ல தடி அட்டை, தூக்கிப் போட மனசு வரவில்லை. அதன்மேல் ஒட்டினோம். பின்பக்கம் கீழோரத்தில் பெயர்களைத் தமிழில் எழுதித் தந்தாள், நான் சரிபார்க்க.

எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

பரோட்டிட்: காது கிட்டே. தண்ணீர் மாதிரி எச்சில். படத்தில் எல்லாம் கருங்கத்தரிப்பூ நிறம்.
சப்ளிங்குவல்: நாக்குக்குக் கீழே. கொழகொழ எச்சில். படத்தில் வெளிறி, சோப்பு நுரை மாதிரி.
சப்மாண்டிபுலர்: தாடைக்குக் கீழே. இரண்டும் கலந்தது.
பாங்க்ரியாஸ்: வயிற்றில். இதுவும் பரோட்டிட் மாதிரியே கறுப்பு, ஆனால் நடுவில் வெளிர் திட்டு.
தைராய்டு, பால் சுரப்பி: இரண்டிலும் வட்டம் வட்டமாக அறை, உள்ளே ரோஸ் குழம்பு. நுங்கு மாதிரி. இவள் குழம்பியதில் தப்பே இல்லை.
இன்னும் இரண்டு மூன்று. பெயர் வாயில் நுழையவில்லை.

சாயந்திரம் பரீட்சை. ஒரு அட்டை டிவி மேல், ஒன்று ஃபிரிட்ஜ் மேல், ஒன்று தையல் மிஷின் மேல், ஒன்று கிரைண்டர் மூடிமேல், ஒன்று ஊஞ்சல்மேல். ஊஞ்சலில் இருந்தவரை எழுப்பி நாற்காலிக்கு அனுப்பினேன்.

"ரிட்டையர் ஆன மனுஷன் உக்கார்ந்திருந்த இடத்துல பாங்க்ரியாஸா?"

"அது ஒரு நிமிஷத்துல எழுந்து போயிடும். நீங்க போவீங்களா?"

பூஜை மணி என் கையில். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதி வேலை செய்த பழக்கம் அவருக்கு, நான் மணி அடிப்பது ஒழுங்காக இல்லையாம். பிடுங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து அவரே அடித்தார்.

கயல் பாதிக்குக் கொஞ்சம் மேலே சரி.

ஆடி 14, புதன்

காற்று குறையவில்லை. கண்ணில் மண்.

நேற்று இரண்டு தடவை, இன்று காலை ஒரு தடவை பரீட்சை. சப்மாண்டிபுலர் அட்டையில் மஞ்சள்தூள் கொட்டிவிட்டேன். துடைத்தும் கறை போகவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றாள் கயல்.

சாயந்திரம் எல்லாம் சரி. ஒன்றுகூடத் தவறவில்லை. மணி அடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

பால் வாங்கப் போகும்போது எதிர்வீட்டு மாமி வாசலில் நின்றிருந்தார். கேட்கவே இல்லை, நானே சொன்னேன்.

"எல்லாம் கரெக்டா சொல்லிட்டா மாமி. பாத்த உடனே சொல்றா."

"ரங்கநாதன் கிருபை. நம்மாத்து வைத்தியமெல்லாம் இனிமே உங்காத்துலதான்" என்றார் மாமி. அவருக்கும் தைராய்டு. கழுத்தை என்னிடம் காட்டினார், நானே டாக்டர் மாதிரி. பார்த்து வைத்தேன்.

மாவு அரைத்தேன். கிரைண்டர் மூடிமேல் இருந்த அட்டையை எடுக்க மறந்து அதிலும் ஒரு துளி.

ஆடி 15, வியாழன்

நஸ்ரின் வந்தாள். அவள் உம்மா செய்த சமோசா ஒரு டப்பா. இவர் தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று தின்றார்.

இருவரும் படித்தார்கள். கலந்த சுரப்பியில், வெளிறிய உருண்டையின் தலையில் கறுப்பாக ஒரு பிறை கவிழ்ந்திருக்குமாம். அதுதான் அடையாளமாம்.

"பிறை தேடுறது எங்க பரம்பரைப் பழக்கம். மொட்டை மாடியில நின்னு பாத்தா எங்க வாப்பா கண்ணுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்றாள் நஸ்ரின்.

"உங்க வாப்பாவைப் பரீட்சைக்குக் கூட்டிட்டு வந்துடு" என்றாள் கயல்.

பாங்க்ரியாஸின் வெளிர் திட்டுக்கு நஸ்ரினே பெயர் வைத்தாள். சுற்றிலும் கறுப்பு, நடுவில் தீவு. ஸ்ரீரங்கம். இனி அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்.

அப்போது நடந்ததை எழுத வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் இருந்த அட்டையை நஸ்ரின் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்படி வாசலில், கையில் கரண்டி. வாய் தானாகச் சொன்னது.

"பரோட்டிட்."

எல்லாரும் திரும்பினார்கள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பரோட்டிட்தான்.

"சரசு, உனக்கு ஒரு சீட்டு எடுத்திருக்கலாம்டி" என்றார்.

"எப்படி அம்மாயி?" என்றாள் நஸ்ரின். இவளும் இப்போது என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"பாத்துப் பாத்து வந்துடுச்சு" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்வரை.

கழுவும்போது யோசித்தேன். நான் எங்கே படத்தைப் பார்த்தேன். அந்த அட்டையில் படத்துக்குக் கீழே பத்திரிகையின் மயில் வால் துளி எட்டிப் பார்க்கிறது. மயில் வால் என்றால் பரோட்டிட். தும்பிக்கை தெரிந்தால் தைராய்டு. தங்கக் கோடு பாங்க்ரியாஸ். மஞ்சள் கறை சப்மாண்டிபுலர். மாவுத் துளி சப்ளிங்குவல். எல்லாமே எனக்குத் தெரிகிறது, சுரப்பி ஒன்றுகூடத் தெரியவில்லை.

எனக்கே வந்துவிட்டது என்றால் அவளுக்கு?

நேற்று மாமியிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆடி 16, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றினார்கள், ஒரு சொம்பு வாங்கி வந்தேன். கயல் காலேஜ் போனாள். அவர் பென்ஷன் விஷயமாக வெளியே.

கத்தரிக்கோலை எடுத்தேன். மயில், தும்பிக்கை, தங்கக் கோடு, எல்லா ஓரத்தையும் வெட்டினேன். கறை பட்ட இரண்டு படத்தை மட்டும், கயலின் புத்தகத்தை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் புதிதாக எடுத்து ஒட்டினேன். கடைக்காரப் பெண் "இதென்ன பாட்டி, மெஹந்தி டிசைனா" என்றாள். "எச்சில் சுரப்பி" என்றேன். படத்தை விரல் நுனியில் பிடித்துத் தந்தாள்.

வெட்டி முடித்தபிறகுதான் பார்த்தேன். பின்பக்கம் பெயர் எழுதியிருந்த கீழோரமும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. துண்டுகளை அந்தந்த அட்டைக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்தேன், பார்த்து எழுதிவிடலாம் என்று. ஜன்னல் திறந்திருந்தது. ஆடிக் காற்று. துண்டுகள் கட்டிலுக்குக் கீழே, பீரோவுக்குக் கீழே. குனிந்து பொறுக்கி, வெட்டு வெட்டோடு சேருகிறதா என்று பொருத்திப் பார்த்துப் பெயரை என் கையால் எழுதினேன். இரண்டு கறுப்பு அட்டை ஒரே மாதிரி இருந்தன. சரியாகத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

சாயந்திரம் பரீட்சை. கயல் டிவி பக்கம் போனாள். கண் நேராக அட்டையின் கீழோரத்துக்குப் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தாள்.

"அம்மாயி, மயில் எங்க?"

சொன்னவுடன் அவளுக்கே புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று.

மணி அடித்தது. நகர்ந்தாள். பெரும்பாலும் தவறு. ஊஞ்சலில் இருந்ததைப் பாங்க்ரியாஸ் என்றாள், அது சரி. தையல் மிஷின்மேல் இருந்ததைப் பரோட்டிட் என்றாள், அதுவும் சரி. மற்றதெல்லாம் போயிற்று. தைராய்டும் பால் சுரப்பியும் பழையபடி மாறிவிட்டன.

"எல்லாம் ஒழுங்கா போயிட்டிருந்துச்சு. எதுக்கு வெட்டினீங்க?"

"ஒழுங்கா போகலைடி. நானே மயிலைப் பாத்துதான் சொன்னேன்."

"நாலு நாள்தான் இருக்கு. இப்பப் போயி." மாடிக்குப் போய்விட்டாள்.

அவர் மணியைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். "வெட்டினது சரிதான். கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்."

கூழ் அப்படியே இருந்தது. தோசை ஊற்றினேன், நெய் விட்டு. வாசம் மாடிக்குப் போயிருக்கும். வந்தாள். மூன்றாவது தோசையில் பேச்சு வந்தது.

"காலேஜ்லயும் நாங்க அப்படித்தான் அம்மாயி. பழைய ஸ்லைடு பாக்ஸ். பரோட்டிட் ஸ்லைடுல ஓரத்துல ஒரு கிழிசல். தைராய்டுல ஒரு காத்துக்குமிழ். சீனியர் அக்கா எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துட்டாங்க. போன தடவ குமிழைப் பாத்துட்டுத் தைராய்டுன்னு எழுதினேன். பால் சுரப்பி ஸ்லைடுலயும் ஒரு குமிழ் இருந்திருக்கு."

அவர் சிரித்துவிட்டார். அவளும். நான் அடுத்த தோசை ஊற்றினேன்.

ஆடி 17, சனி

காலையில் நஸ்ரின் போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கயல், கேட்டியா? பழைய பாக்ஸ் ஸ்லைடெல்லாம் பூஞ்சை பிடிச்சிருச்சாம். செவ்வாய்க்கிழமைக்குப் புது பாக்ஸ் பிரிக்கறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"லேப் அண்ணன் பிரிச்சு அடுக்கறதை நானே பாத்தேன். பளபளன்னு இருக்கு, ஒரு கீறல் இல்ல. குரூப்ல எல்லாரும் அழுதுட்டிருக்காங்க."

கயல் போனைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. சிரிப்பு வந்துவிடும்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

"நான் வாயே திறக்கலையே."

பிறகு நாள் முழுக்கப் படிப்பு. படம் பார்த்து வரைகிறாள், ரோஸ் பென்சிலும் கத்தரிப்பூப் பென்சிலும் தேய்ந்து விரல் நீளம். சீவித் தந்தேன், விரலெல்லாம் ரோஸ். வரைந்துகொண்டே தனக்குத் தானே சொல்கிறாள்: மொதல்ல குழாய் இருக்கா இல்லையா. அப்புறம் கறுப்பா வெளுப்பா. அப்புறம் பிறை. அப்புறம் தீவு.

தைராய்டுக்குக் குழாயே கிடையாதாம், சரக்கை நேராக ரத்தத்தில் விட்டுவிடுமாம். பால் சுரப்பிக்குக் குழாய் இருக்கும். குழந்தை வாய்க்கு வந்து சேர வேண்டுமே. இது எனக்கே புரிந்தது. படத்தில் காட்டினாள். நுங்கு நுங்காக இருந்ததற்கு நடுவில் ஒரு சந்து. அதுதான் குழாய். இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை.

தீப்பெட்டி வாங்கியாயிற்று.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மாமியும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படி இறங்கினோம். மஞ்சள் கயிறு, காப்பரிசி, காதோலை கருகமணி. தண்ணீர் இழுக்கிற இழுப்பைப் பார்த்து மேல்படியிலேயே விளக்கு விட்டோம்.

"பேத்தி எல்லாம் சரியாச் சொல்றாளோ?"

"படிச்சிட்டிருக்கா மாமி."

மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை.

மத்தியானம் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடாம். நஸ்ரினும் வந்தாள். சாப்பிட்டபின் பரீட்சை. மணி அவர் கையில், கடிகாரம் மடியில்.

கயல் இப்போது கீழோரத்தைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று அட்டையை முழுதும் பார்க்கிறாள், பிறகு கிட்டே குனிகிறாள். டிவி, சரி. ஃபிரிட்ஜ், சரி. கிரைண்டர், சரி. தைராய்டு, பால் சுரப்பி இரண்டும் சரி.

ஊஞ்சலுக்கு வந்தாள்.

"பரோட்டிட்."

நான் பின்பக்கம் பார்த்தேன். "தப்பு. பாங்க்ரியாஸ்."

மறுபடி பார்த்தாள். "பரோட்டிட்தான் அம்மாயி."

"பின்னாடி பாங்க்ரியாஸ்னு இருக்குடி. என் கையால எழுதினது. வெள்ளிக்கிழமை நீயே பாங்க்ரியாஸ்னுதான் சொன்ன."

"அன்னைக்கு நான் தப்பா சொன்னேன். நீங்க அதை ரைட்டுன்னீங்க." அட்டையை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "இதுல ஸ்ரீரங்கம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

தேடினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். கறுப்பு, கறுப்பு, அங்கங்கே வெள்ளையாகக் கொழுப்பு. தீவு இல்லை.

"இந்தா பாருங்க, கோடு கோடா குழாய். இது பரோட்டிட்லதான் வரும்." விடுவிடென்று தையல் மிஷினுக்குப் போய் அங்கிருந்த அட்டையை எடுத்து வந்தாள். பின்பக்கம் பார்க்கவே இல்லை. "இதோ ஸ்ரீரங்கம். இதுதான் பாங்க்ரியாஸ். பின்னாடி பரோட்டிட்னு எழுதியிருப்பீங்க."

அப்படித்தான் எழுதியிருந்தேன்.

நஸ்ரின் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். "கயல் சொல்றதுதான் ரைட்டு அம்மாயி."

காற்று, துண்டுகள், கட்டிலுக்குக் கீழே பொறுக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார், நேரம் முடிந்துபோயிற்றாம்.

வெட்கமாக இருந்தது. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் வெட்கப்பட்டதில்லை. எழுதியிருந்ததை நம்பாமல் கண்ணால் பார்த்ததைச் சொன்னாளே.

ஆடி 19, திங்கள்

தூறல். காற்றுக்கு ஓய்வு.

கயலுக்கு இன்று பரீட்சை எதுவும் வைக்காதே என்றார் அவர். வைக்கவில்லை. ஊஞ்சல் அவருக்கே. தலைக்கு எண்ணெய் வைத்து விட்டேன். வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி. பென்சில் இரண்டு, ரப்பர், ஹால் டிக்கெட், தண்ணீர் பாட்டில், எல்லாம் பையில்.

இரண்டு தடவை பையைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் தடவை அவள் பிடித்துவிட்டாள்.

ஆடி 20, செவ்வாய்

காலையில் இட்லி இரண்டுதான் தின்றாள். நஸ்ரின் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போனாள். சமையலில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல. அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"மொத மைக்ராஸ்கோப்புல என்ன இருந்துச்சு சொல்லுங்க."

"என்னடி?"

"பால் சுரப்பி. ஒரு குமிழ் இல்ல, கீறல் இல்ல, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. நீங்க வெட்டின அட்டை மாதிரியே. அப்புறம் குழாய் தேடினேன். ஓரமா இருந்துச்சு. எழுதிட்டேன்."

"ஸ்ரீரங்கம் வந்துச்சா?" என்றார் அவர்.

"ரெண்டு ஸ்ரீரங்கம் இருந்துச்சு தாத்தா."

நாக்குக்குக் கீழே இருப்பதைத் தாடைக்குக் கீழே என்று எழுதிவிட்டாளாம், வெளியே வந்தபிறகு நஸ்ரின் சொல்லித்தான் தெரிந்ததாம். போகட்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்.

மார்க் வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவரிடம் வாங்கவில்லை. என்னிடம் மட்டும்.

ஆடி 22, வியாழன்

வெயில். வடாம் காயப் போட்டேன்.

மாமி காலையில் கேட்டார், எப்படி எழுதினாள் என்று. மார்க் வரட்டும் மாமி என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நாலு மணி சுமாருக்குப் போன். போர்டில் போட்டுவிட்டார்களாம். பாஸ். நஸ்ரின் இவளைவிட மேலே, பரவாயில்லை, பிறை பார்க்கிற வீடு. பெரிய பரீட்சைக்கு இருவரும் ஒன்றாகவே உட்காரலாம். அம்மாவிடம் தானே போன் போட்டுப் போன தடவை ஃபெயில் ஆனதையும் சேர்த்துச் சொன்னாளாம். என் மகள் எனக்குப் போன் போட்டு, "ஏம்மா எங்கிட்ட சொல்லல" என்று சண்டை. சந்தோஷச் சண்டை.

நாளை சமயபுரம், மாவிளக்கு. வெல்லம், பச்சரிசி மாவு, ஏலக்காய், நெய் திரி.

அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்றாள் கயல், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு ஆகுமாம். பின்பக்கம் மட்டும் அவளே திருத்தி எழுதிவிட்டாள்.

காலேஜிலிருந்து வந்ததும் கேட்டேன். இனிமேல் வெளியே சொல்லலாமா என்று. சிரித்தாள். சொல்லுங்க என்றாள்.

எதிர்வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. நாளைக் காலை கோலத்தைப் பெரிதாகப் போட வேண்டும், புள்ளி நிறைய வைத்து. மாமி வாசலுக்கு வர எப்படியும் நேரமாகும்.